பல்லை வெள்ளையாக்க கிளினிக்கா, வீடா? அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு

1.
“டாக்டர், பல்லு மஞ்சளா இருக்கு. கிளினிக் போய் ஒயிட்டனிங் பண்ணிக்கட்டுமா, இல்ல ஆன்லைன்ல கிட் வாங்கி வீட்லயே பண்ணிக்கட்டுமா?”

முகூர்த்த மாதம் நெருங்கும்போதெல்லாம் இன்பாக்ஸில் இந்தக் கேள்வி வந்து நிற்கும். கேட்பவர்கள் பெரும்பாலும் கல்யாணம் நிச்சயமானவர்கள், அல்லது பெண் பார்க்கும் படலத்தில் இருப்பவர்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று இந்த இழை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

2.
ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எம்பிபிஎஸ் படித்த அரசு மருத்துவர். பல் மருத்துவர் இல்லை. உங்கள் பல்லுக்கு ஒயிட்டனிங் செய்வது என் வேலையும் இல்லை. ஆனால் ஏதாவது ஏடாகூடமாகிப் போனால் ஈறு வெந்து, பல் கூசி, முகம் வீங்கி முதலில் ஓ.பி. சீட்டோடு வந்து நிற்பது எங்களிடம்தான். அதனால் இதில் எனக்கும் அக்கறை உண்டு.

3.
கிளினிக்கா வீடா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, பல் ஏன் மஞ்சளா இருக்கு?

வெள்ளைச் சட்டையில் கறை பட்டால் என்ன செய்வோம்? வீட்டில் துவைப்பதா, லாண்டரியில் போடுவதா என்று யோசிப்பதற்கு முன் அது என்ன கறை என்று பார்ப்போம். குழம்புக் கறையா, துருக் கறையா, இல்லை துணியே பழசாகி மஞ்சளாகிவிட்டதா? குழம்புக் கறைக்குப் போடுவதைத் துருவுக்குப் போட்டால் போகாது. பழசான துணியைப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் கிழியும். பல்லும் அப்படித்தான். சட்டையாவது புதுசு வாங்கலாம்.

4.
பல்லின் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

வெளியே தெரிவது எனாமல். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான், எலும்பைவிடக் கடினம். எடையில் சுமார் 96% தாது உப்பு. எனாமல் சுத்த வெள்ளை என்று நினைக்கிறோம். இல்லைங்க, அது பாதி ஒளி ஊடுருவும் மங்கலான கண்ணாடி மாதிரி. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயற்கையிலேயே மஞ்சள். அந்த மஞ்சள்தான் கண்ணாடி வழியாக வெளியே தெரிகிறது.

முக்கியமான விஷயம், எனாமலில் உயிருள்ள செல்கள் கிடையாது. தோல் கிழிந்தால் ஒட்டும், எலும்பு முறிந்தால் சேரும். எனாமல் தேய்ந்து போனால் போனதுதான். திரும்ப வளராது.

5.
இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும்.

ஒன்று, லேசான மஞ்சள் நோய் இல்லை. ஆரோக்கியமான பல்லின் நிறமே அதுதான். வயதாக ஆக எனாமல் தேய்ந்து, உள்ளே டென்டின் தடித்து, மஞ்சள் கூடும். 45 வயதில் 18 வயதின் பல் நிறம் இருக்காது. டிவியில் பார்க்கும் பால் வெள்ளைப் பற்களில் பல, மேலே ஒட்டிய பீங்கான் வில்லைகள். பல்லே கிடையாது.

இரண்டு, எனாமலைச் சுரண்டினால் பல் வெள்ளையாகாது. கண்ணாடி மெலிந்தால் உள்ளே இருக்கும் மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும். அவ்வளவுதான்.

6.
இப்போது கறைக்கு வருவோம். இரண்டு வகை.

வெளிக்கறை: டீ, காபி, வெற்றிலை பாக்கு, புகையிலை, சிகரெட், ஒழுங்காகத் துலக்காததால் படியும் காரை. குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தை மாதக்கணக்கில் பயன்படுத்தினாலும் பழுப்புக் கறை வரும். இவை எல்லாம் பல்லின் மேல் உட்கார்ந்திருப்பவை.

உள்கறை: பல் உருவாகும்போதோ, பிறகு அடிபட்டோ, பல்லுக்குள்ளேயே ஏறிய நிறம். ஃப்ளோரைடு, டெட்ராசைக்ளின் வகை மாத்திரை, அடிபட்டு உயிரிழந்த பல், சொத்தை எல்லாம் இந்த வகை.

வெளிக்கறைக்குப் பெரும்பாலும் ஒயிட்டனிங்கே தேவைப்படாது, சுத்தம் செய்தால் போதும். உள்கறையில் சிலவற்றுக்கு ஒயிட்டனிங் பலன் தரும், சிலவற்றுக்குத் தராது.

7.
வரிசையில் ஒரே ஒரு பல் மட்டும் கருத்தோ சாம்பல் நிறத்திலோ இருக்கிறதா? அதற்கு எந்தக் கிட்டும் வாங்க வேண்டாம்.

சின்ன வயதில் கபடி ஆடும்போதோ, சைக்கிளில் விழுந்தோ அடிபட்டிருக்கும். அப்போது வலித்து நின்றிருக்கும். உள்ளே நரம்பும் ரத்த ஓட்டமும் செத்துப்போய், வருடங்கள் கழித்துப் பல் கருக்கும். வேருக்கு அடியில் சீழ் சேர்ந்துகொண்டிருக்கலாம், வலியே இல்லாமல். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் ரூட் கெனால் செய்து, அந்தப் பல்லுக்குள் மருந்து வைத்து உள்ளிருந்தே வெளுக்கும் முறை இருக்கிறது. வெளியே பூசுவதால் தீராது.

8.
தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக்காரர்களுக்கு இது தெரிந்த கதை. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்திய தர நிர்ணயமும் 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை என்கிறது. அதற்கு மேல் உள்ள நீரை, பல் உருவாகும் சுமார் 8 வயது வரை தொடர்ந்து குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு, பழுப்புப் பட்டை, சில சமயம் குழி விழும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ‘ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ இருப்பது இதனால்தான்.

“சரியாப் பல்லு விளக்க மாட்டியா?” என்று இவர்களைக் கேட்காதீங்க. அவர்கள் தேய்க்காமல் வந்ததல்ல. தேய்த்தாலும் போகாது.

9.
ஃப்ளோரைடு கறைக்கு வெறும் ஒயிட்டனிங் செய்தால், வெள்ளைத் திட்டு இன்னும் வெள்ளையாகி எடுப்பாகத் தெரியவும் வாய்ப்புண்டு. லேசான பாதிப்புக்கு மேல்பரப்பை மிக மெல்லியதாக மெருகேற்றும் முறையும், அதோடு வெளுக்கும் ஜெல்லும் சேர்த்துப் பல் மருத்துவர்கள் செய்வார்கள். குழி விழுந்த அளவுக்குப் போயிருந்தால் மேல் பூச்சோ வில்லையோதான் வழி. இது வீட்டில் செய்கிற வேலை கிடையாது.

டெட்ராசைக்ளின் கறையும் அப்படியே. கர்ப்பிணியாக இருக்கும்போது தாய்க்கோ, 8 வயதுக்குள் குழந்தைக்கோ அந்த மருந்து போயிருந்தால் பல்லில் சாம்பல், பழுப்பு நிறத்தில் குறுக்குப் பட்டைகள் வரும். இதை வெளுக்க வாரக்கணக்கு போதாது, மாதக்கணக்கு ஆகும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாத்திரை போடாதீங்க என்று நாங்கள் கத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

10.
அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று.

அங்கன்வாடியிலோ மருத்துவமனையிலோ கொடுத்த இரும்புச்சத்து சிரப் குடித்து குழந்தையின் பல்லில் கறுப்புக் கோடு வந்தால், அது வெளிக்கறை. பல் கெட்டுப்போகவில்லை. பல் மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும். சிரப்பை நாக்கின் பின்பக்கமாக ஊற்றி, பிறகு தண்ணீர் கொடுத்து, பல்லைத் துலக்கிவிட்டால் கறையும் குறையும்.

கறைக்குப் பயந்து சிரப்பைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, “குடிச்சிட்டான் சார்” என்று சொல்லாதீங்க. ரத்தச்சோகை குழந்தையின் வளர்ச்சியையும் படிப்பையும் பாதிக்கும். பல்லில் உள்ள கோட்டுக்கு அந்த விலை கொடுக்கக் கூடாது.

11.
இப்போது நான் இந்த இழை எழுத முக்கியக் காரணமான கறை. பாக்கு, புகையிலை.

38 வயது, சுமை தூக்கும் தொழிலாளி. மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்திருந்தார். “போட்டோல வாயத் தொறந்து சிரிக்கணும் சார். கறை போக ஏதாச்சும் எழுதிக் குடுங்க” என்றார். வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரலுக்கு மேல் திறக்க முடியவில்லை. “ஆறு மாசமா கொழம்பு சாப்பிட்டா எரியுது, அதான் தயிர் சோறு” என்றார். கன்னத்தின் உள்பக்கம் வெளிறி, நார் நாராக இறுகியிருந்தது. கீழ் ஈறை ஒட்டி ஒரு வெள்ளைத் திட்டு, பஞ்சால் துடைத்தாலும் போகவில்லை.

12.
அவரை உடனே பல் பிரிவுக்கு அனுப்பினோம். சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை. ஆனால் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. இப்போது பாக்கை விட்டுவிட்டு, சொன்ன தேதிக்குப் பரிசோதனைக்கு வருகிறார்.

அவர் ஒரு கிட் வாங்கி வீட்டிலேயே வெளுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிங்க. பல் ஓரளவு வெள்ளையாகியிருக்கும். திட்டு அங்கேயே இருந்திருக்கும். கறை போனதும் மருத்துவரைப் பார்க்க இருந்த ஒரே காரணமும் போயிருக்கும்.

13.
அதனால் பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, செல்போன் டார்ச் அடித்து, இதைப் பாருங்க:

உங்கள் கையின் மூன்று விரல்களைச் செங்குத்தாக வைத்தால் வாய்க்குள் போகிறதா?
கன்னம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில், ஈறு ஆகிய இடங்களில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு உண்டா?
இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் உண்டா?
காரம் பட்டால் எரிச்சல்?

ஏதாவது ஒன்று இருந்தாலும் பல்லின் நிறத்தை மறந்துவிட்டு மருத்துவமனைக்கு வாங்க. பழக்கத்தை விட உதவி வேண்டுமென்றால் தேசிய புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது.

14.
சரி, இதெல்லாம் எனக்கு இல்லை, டீ காபி கறையும் கொஞ்சம் மஞ்சளும்தான் என்கிறீர்களா? முதல் படி பல் சுத்தம். ஸ்கேலிங் என்பார்கள்.

“கிளீன் பண்ணா பல்லு ஆடும்”, “எனாமல் போயிடும்” என்று பயமுறுத்துவார்கள். ஸ்கேலிங் கருவி அதிர்வால் காரையை உடைத்தெடுக்கிறது. எனாமலைச் செதுக்குவதில்லை. ஏற்கெனவே ஈறு நோயால் பிடிப்பு இழந்த பல்லைக் காரைதான் சிமெண்ட் மாதிரி பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரியும். ஆட்டத்தைக் கொண்டுவந்தது சுத்தம் அல்ல, காரை.

ஸ்கேலிங் முடிந்து கண்ணாடி பார்க்கும்போதே நிறையப் பேருக்கு “இது போதுமே” என்று தோன்றிவிடும். அவர்களுக்குச் செலவு அதோடு முடிந்தது.

15.
அதற்குப் பிறகும் வெள்ளையாக வேண்டும் என்றால்தான் ஒயிட்டனிங். இது எப்படி வேலை செய்கிறது?

மூல மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. அல்லது அதை மெதுவாக வெளியிடும் கார்பமைடு பெராக்சைடு. 10% கார்பமைடு பெராக்சைடு சுமார் 3.5% ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். இது எனாமல் வழியாக உள்ளே இறங்கி, நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை உடைத்துச் சின்னதாக்குகிறது. நிறம் மங்குகிறது. சுரண்டல் எதுவும் இல்லை, முழுக்க வேதி வினை.

அதனால்தான் அளவும் நேரமும் இங்கே முக்கியம். பல்லை வெளுப்பதே ஈறில் பட்டால் சுடும்.

16.
கிளினிக் முறை: 25 முதல் 40% வரை ஹைட்ரஜன் பெராக்சைடு. ஈறு மேல் பாதுகாப்புப் படலம் பூசி, உதட்டை விலக்கி வைத்து, பல்லில் மட்டும் ஜெல் போடுவார்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் முடியும். சிலருக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்படும்.

நீல விளக்கு, லேசர் என்று விளம்பரம் இருக்கும். விளக்கால் நீடித்த கூடுதல் பலன் பெரிதாக இல்லை என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். வேலை செய்வது ஜெல். விளக்குக்காக அதிகப் பணம் கேட்டால் யோசிங்க.

செய்த அன்று பல் பளிச்சென்று தெரிவதில் ஒரு பகுதி, பல் தற்காலிகமாக ஈரம் இழந்ததால். சில நாளில் எச்சில் ஊறி, நிறம் கொஞ்சம் இறங்கும். “ஏமாத்திட்டாங்க” என்று சண்டைக்குப் போகாதீங்க. அது இயல்பு.

17.
பல் மருத்துவர் தரும் வீட்டு முறை: இது பலருக்குத் தெரியாத நடுவழி. 1989இல் ஹேவுட், ஹைமன் என்ற இரண்டு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய முறை.

உங்கள் பல்லுக்கு அச்சு எடுத்து, உங்களுக்கு மட்டுமே பொருந்தும் மெல்லிய ட்ரே செய்து தருவார்கள். அதில் ஒவ்வொரு பல்லுக்கும் அரிசி அளவு ஜெல், பெரும்பாலும் 10 முதல் 16% கார்பமைடு பெராக்சைடு. தினமும் சில மணி நேரமோ, தூங்கும்போதோ போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரம்.

வீட்டில்தான் நடக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் வாயைப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், கூசினால் கேட்க ஆள் இருக்கிறது.

18.
இரண்டில் எது நல்லது?

கடைசியில் கிடைக்கும் வெண்மை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கிளினிக்கில் வேகம் அதிகம், கூச்சமும் அதிகமாக வர வாய்ப்பு, செலவும் அதிகம். ட்ரே முறையில் மெதுவாக வெளுக்கும், கூச்சம் வந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றிக்கொள்ளலாம், அந்த ட்ரேயைப் பத்திரமாக வைத்திருந்தால் பிறகு ஜெல் மட்டும் வாங்கினால் போதும்.

அவசரம் இல்லாதவர்களுக்கு, தினமும் மறக்காமல் செய்யக்கூடியவர்களுக்கு, ட்ரே முறைதான் என் தேர்வு. ட்ரே வைத்தால் குமட்டுகிறவர்களுக்கும், நேரம் இல்லாதவர்களுக்கும் கிளினிக் முறை.

ஆக, பிரிக்க வேண்டிய கோடு கிளினிக்குக்கும் வீட்டுக்கும் நடுவில் இல்லை. வாயைப் பார்த்துவிட்டுச் செய்வதற்கும் பார்க்காமல் செய்வதற்கும் நடுவில்தான்.

19.
ஆன்லைன் கிட் எப்படி?

மூன்று பிரச்சினை. ஒன்று, சொத்தை, ஈறு நோய், விரிசல் இருக்கிறதா என்று அது பார்க்காது. சொத்தைக் குழிக்குள் பெராக்சைடு இறங்கினால் உயிர் போகிற வலி. இரண்டு, வெந்நீரில் போட்டுக் கடிக்கும் எல்லாருக்கும் பொதுவான ட்ரே சரியாகப் பொருந்தாமல், ஜெல் ஈறில் வழியும். மூன்று, சில கிட்களில் எத்தனை சதவீதம் என்றே எழுதியிருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு விதிப்படி, 0.1%க்கு மேல் 6% வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பொருளைப் பல் மருத்துவருக்குத்தான் விற்கலாம். முதல் முறை அவர் மேற்பார்வையில்தான் போட வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடாது. அங்கே அவ்வளவு கவனமாகக் கையாளும் பொருள், இங்கே ஒரே கிளிக்கில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

20.
அடுத்து சமையலறை மருத்துவம்.

23 வயதுப் பெண். பெண் பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ “பல்லு கொஞ்சம் மஞ்சளா இருக்கே” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று இரவே யூடியூப். காலையில் எலுமிச்சைச் சாறும் ஆப்பசோடாவும், ராத்திரி உமிக்கரி. தினமும் அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறார், இரண்டு வாரம். என்னிடம் வந்தபோது பச்சைத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. வாய் வழியாக மூச்சு இழுத்தாலே கண்ணில் தண்ணீர் வந்தது. எங்கள் பல் மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தப் பொண்ணுக்கு லேசான காரை மட்டும்தான் இருந்திருக்கும். கிளீன் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும்.”

ஃப்ளோரைடு பூச்சு, கூச்சத்துக்கான பேஸ்ட் என்று வலி குறைந்தது. தேய்ந்த எனாமல் தேய்ந்ததுதான்.

21.
கணக்கு எளிது. வாயில் அமிலத்தன்மை பிஹெச் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் 2 முதல் 3க்குள். அதைத் தடவி எனாமலை இளக்கி, அதன்மேல் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

உமிக்கரியில் சிலிக்கா அதிகம். மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் அதே சிலிக்கா. “எங்க தாத்தா உமிக்கரிலதான் தேய்ச்சாரு, 80 வயசு வரைக்கும் பல்லு இருந்துச்சு” என்பார்கள். தாத்தா தினமும் நாலு டீ, சர்க்கரை போட்டுக் குடித்தாரா, கேளுங்க. செங்கல் பொடி, சாம்பல், உப்புக் கல் எல்லாம் இதே கதைதான்.

கறுப்புக் கரி பேஸ்ட்? 2017இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, அது வெளுக்கும் என்பதற்கோ பாதுகாப்பானது என்பதற்கோ போதிய ஆதாரம் இல்லை என்றது.

22.
ஒயிட்டனிங் பேஸ்ட்கள் மேல்கறையைக் கொஞ்சம் எடுக்கும், உள்நிறத்தை மாற்றாது. ஊதா நிற சீரம் என்று ரீல்ஸில் வருகிறதே, அது மஞ்சள் மேல் ஊதாவைப் பூசிக் கண்ணை ஏமாற்றும் வித்தை. வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவோமே, அதே தான். எச்சிலில் கரைந்து போய்விடும். ஆபத்து குறைவு, பலனும் அவ்வளவுதான்.

மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை வாங்கி வாயில் வைத்துக்கொண்டு உட்காராதீங்க. அது அதற்கானது இல்லை.

பியூட்டி பார்லரில் முகத்துக்கு ப்ளீச் செய்யும்போது “பல்லுக்கும் பண்ணிடலாமா மேடம்?” என்று கேட்டால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்க. பல்லில் வேலை செய்ய பல் மருத்துவம் படித்துப் பதிவு செய்திருக்க வேண்டும்.

23.
யாருக்கு இப்போது வேண்டாம்?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்: தள்ளிப்போடுங்க. அவசரம் ஒன்றும் இல்லை.
18 வயதுக்கு உட்பட்டவர்கள்.
சிகிச்சை செய்யாத சொத்தை, ஈறில் ரத்தக் கசிவு, பல் விரிசல் உள்ளவர்கள்: முதலில் அதைச் சரிசெய்யணும்.
ஏற்கெனவே கடுமையான பல் கூச்சம் உள்ளவர்கள்.
அடிக்கடி புளியேப்பம், நெஞ்செரிச்சல், வாந்தி உள்ளவர்கள்: வயிற்று அமிலமே எனாமலைக் கரைத்து மஞ்சளாக்கியிருக்கலாம். வயிற்றை முதலில் காட்டுங்க. வாந்தி எடுத்தவுடன் பிரஷ் பண்ணாதீங்க, தண்ணீரில் கொப்பளித்து அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்க.

24.
முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய இரண்டு விஷயம்.

முன்பல்லில் ஃபில்லிங், கேப் இருந்தால் அவற்றின் நிறம் மாறாது. சுற்றியுள்ள பல் வெளுத்து, கேப் மட்டும் பழைய நிறத்தில் தனியாகத் தெரியும். மாற்றுவதென்றால் தனிச் செலவு. முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்க.

பலன் நிரந்தரம் இல்லை. சில மாதம் முதல் இரண்டு மூன்று வருடம் வரை, உங்கள் டீயையும் பழக்கத்தையும் பொறுத்தது. புகையிலையை விடாமல் வெளுப்பது, ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

கூச்சம் பெரும்பாலும் சில நாளில் தானாகக் குறையும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்ச பேஸ்ட் உதவும். ஈறு வெள்ளையாக வெந்தது மாதிரி ஆனாலோ, ஒரு பல் மட்டும் தனியாக வலித்தாலோ நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்க.

25.
கல்யாணத்துக்கு எப்படித் திட்டமிடுவது?

மூன்று மாதம் முன்: பல் மருத்துவரிடம் பரிசோதனை, சுத்தம், சொத்தை இருந்தால் அடைப்பு.
இரண்டு மாதம் முன்: தேவைப்பட்டால் மட்டும் ட்ரே முறை.
கடைசி இரண்டு வாரம்: எதுவும் செய்யாதீங்க. நிறம் நிலைக்கவும் கூச்சம் அடங்கவும் நேரம் வேண்டும். கேப் மாற்றுவதாக இருந்தாலும் வெளுத்து இரண்டு வாரம் கழித்துத்தான் நிறம் பார்க்க வேண்டும்.

முகூர்த்தத்துக்கு ஐந்து நாள்தான் இருக்கிறதா? சுத்தம் மட்டும் செய்துகொள்ளுங்க. பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்க முடியாமல் பல்லைப் பிடித்துக்கொண்டு இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

26.
எங்கே போவது? அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல வட்ட மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறது. பரிசோதனை, பல் எடுப்பது, அடைப்பது, சுத்தம் செய்வது எல்லாம் அங்கே பார்ப்பார்கள். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. அழகுக்கான ஒயிட்டனிங் எல்லா அரசு மருத்துவமனையிலும் கிடைக்காது. ஆனால் அது தேவையா இல்லையா என்று சொல்ல அங்கே ஆள் இருக்கிறார். அந்தப் பதிலுக்கு நீங்கள் பணம் கொடுக்கத் தேவையில்லை.

தனியார் கிளினிக் என்றால் நான்கு கேள்வி கேளுங்க: என் பல் ஏன் இந்த நிறம்? எந்த மருந்து, எத்தனை சதவீதம்? சுத்தம் மட்டும் செய்தால் போதாதா? எவ்வளவு காலம் நிற்கும்? பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் செய்துகொள்ளுங்க.

27.
கடைசியாக, மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் இருவருக்கும் சேர்த்து.

கொஞ்சம் மஞ்சளான, சொத்தை இல்லாத, ஈறில் ரத்தம் வராத பல் ஆரோக்கியமான பல். அதைப் பார்த்து நீங்கள் போகிற போக்கில் சொல்லும் ஒரு வார்த்தைக்கு, அந்தப் பிள்ளை ராத்திரி எலுமிச்சம்பழத்தை நறுக்குகிறது. சொல்லாமல் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

வெள்ளையாக வேண்டும் என்று உங்களுக்கே ஆசை இருந்தால் அதில் தப்பே இல்லை, தாராளமாகச் செய்யுங்க. ஆனால் கார்டில் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து காட்டுங்க. பத்து நிமிஷ வேலை.

பாக்கு போடும் அண்ணனோ, மாமாவோ உங்கள் வீட்டில் இருந்தால் 13ஆம் பதிவை மட்டுமாவது அவர்களுக்கு அனுப்புங்க.